முசியே வீட்டு ஆறு வண்டிகள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் தெருவுக்குள் வருகிறாள் என்று தெரிந்தால் போதும், நேற்று வரை நின்று நிதானமாகப் பேசியவர்களுக்கும் திடீரென்று அடுப்பில் பால் பொங்கும்.

சாரம் என்கிற எங்கள் பேட்டையில் இருந்துகொண்டு பதினாறு வருஷமாக நான் இப்படிப் பல வீட்டுப் பாலைப் பொங்க வைத்திருக்கிறேன். நீங்களும் ஏதோ ஒரு பாலிசியை வாங்கி, பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்து, வேண்டிய நேரத்தில் காணாமல் தேடியவர்தான் என்றால் இது உங்களுக்குத்தான். ஒருவேளை என்னைப் போல விற்கிறவராக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

தானாகக் கூப்பிட்ட கஸ்டமர்

ஏஜென்டைத் தானாகவே போன் போட்டுக் கூப்பிடுகிற கஸ்டமர் உண்டு என்றால் எங்கள் ஆட்கள் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு ஒருவர் கிடைத்தார். உப்பளம் பேட்டையில் இருக்கிற ரோசாலி மதாம். அவர் வீட்டுக்காரர் சவரிராயன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தெருவில் எல்லாருக்கும் அவர் முசியே, அந்த அம்மா மதாம்; பிரெஞ்சில் ஐயா, அம்மா என்கிற மாதிரி.

முசியேவிடம் ஆறு சைக்கிள். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த பந்தய சைக்கிள் ஒன்று, அதற்கும் மூத்தது ஒன்று, மலையேறுகிறது ஒன்று, மடக்கிப் பைக்குள் வைக்கிறது ஒன்று, அந்த நாட்டுத் தபால்காரர் ஓட்டியது ஒன்று, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீள சைக்கிள் ஒன்று. நடு ரூமில் கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் அவை வரிசையாக நிற்கும். கட்டில் தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் மதாம் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

ஒரே மகள் சில்வி பிரான்சில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் கூட இருக்க வேண்டும் என்று அழுகிறாள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, விசாத் தொல்லைகூடக் கிடையாது. ஆனால் முசியே மாட்டேன் என்கிறார். அடுத்த தெருவில் பூட்டின வீட்டில் திருட்டுப் போனதிலிருந்து அவர் சைக்கிளை விட்டுவிட்டு ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லையாம். நான் பையைத் திறந்து எங்கள் கம்பெனியின் பெருமைகளை எடுத்துவிடப் பார்த்தேன். மதாம் கையமர்த்திவிட்டார். "சைக்கிளுக்கு எதை வேணா போடும்மா. எனக்கு இவுரு வாய அடைக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

புகைச் சான்றிதழ்

நம் ஊரில் சைக்கிளும் வண்டி, ஸ்கூட்டரும் வண்டி, மண் லாரியும் வண்டி. முசியே பிரெஞ்சில் வெலோ என்பார், தமிழில் வண்டி என்பார். சைக்கிள் என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. அவரோடு ஒரு மணி நேரம் பேசியதில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆபீசுக்கு அனுப்பிய குறிப்பில், "கஸ்டமர் வீட்டில் ஆறு வண்டிகள் உள்ளன, ஆறுக்கும் காப்பீடு தேவை" என்று என் கைப்பட எழுதிவிட்டேன். அது நேரே மோட்டார் பிரிவு மேஜைக்குப் போய்விட்டது.

அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, ரொம்ப சுறுசுறுப்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முசியேவுக்கே போன் போட்டாள். ஆறுக்கும் ஆர்.சி. புக், இன்ஜின் நம்பர், புகைச் சான்றிதழ் எல்லாம் வேண்டும் என்றாள். நான் அப்போது அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்கக் கேட்க எனக்கு வேர்த்துக் கொட்டியது. முசியே குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஆறுக்கும் சேத்து ஒரே இன்ஜின்தான் மத்மசேல். வயசு அறுபத்தெட்டு. புகைய விட்டு இருவது வருசம் ஆவுது."

துரு சேராது

பிறகு ஒழுங்காக வீட்டுக் காப்பீட்டுப் பேப்பர்கள் மூன்றைக் கொண்டுபோய் விரித்தேன். முதலாவதில் சைக்கிளும் மிக்சி, கட்டில் மாதிரி வீட்டுச் சாமான்தான், ஆனால் ஒரு சாமானுக்கு இவ்வளவுக்கு மேல் தர மாட்டார்கள். முசியேவின் பந்தய சைக்கிளுக்கு அது முன்சக்கரத்துக்குக்கூட ஆகாது. இரண்டாவதில் விலையுயர்ந்த பொருள்களைத் தனித்தனியாக, போட்டோவோடு, அடையாளத்தோடு பட்டியல் போட்டுச் சேர்க்கலாம், ஆனால் வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும். மூன்றாவது ரோட்டில் ஓட்டும்போதும் காக்கும், ஆனால் பந்தயத்தில் ஓட்டினால் இல்லை, பூட்டாமல் கடை வாசலில் நிறுத்தினால் இல்லை. வீட்டை விட்டுப் போகத்தானே இத்தனை பாடு என்று நான் இரண்டாவதைக் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

முசியே பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தார். படித்துவிட்டு உப்புக் காற்றில் துரு பிடித்தால் தருவீர்களா என்று கேட்டார். துரு சேராது என்றேன். டயர் வெடித்தால்? தேய்மானம் சேராது. பல்லி எச்சம்? அதற்குத் துணி இருக்கிறது முசியே என்றேன், கொஞ்சம் கடுப்பாகத்தான். திருட்டு, தீ, வெள்ளம், இடி இதுதான் என்று விரல் விட்டுச் சொன்னேன். அவர் பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு, துருவுக்கு ஆள் வேண்டுமே என்று ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து மதாம் குரல் வந்தது. "துருவுக்கு நீங்க இருக்கீங்க, திருட்டுக்கு கம்பெனி இருக்குது. சில்விக்கு யாரு இருக்கா?"

முசியே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மதிப்புப் போட வந்தவர்

கையெழுத்துப் போட்டால் முடிந்ததா? ஆறில் ஒன்றுக்கும் பில் கிடையாது. விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து மதிப்புப் போட்டு எழுதித் தர வேண்டும் என்றது ஆபீஸ். ஊரில் அப்படி ஒரே ஆள் பஷீர் பாய். பரம்பரையாக சைக்கிள் கடை. முசியேவின் ஆறையும் முப்பது வருஷமாகக் கழற்றி மாட்டுகிறவர்.

பாய் வந்தார். சீட்டைத் தட்டினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டே வைத்துச் சத்தம் கேட்டார், செயினை விரலால் நீவி மூக்கில் வைத்துப் பார்த்தார். முசியே பின்னாலேயே துணியோடு போய், பாய் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஐந்துக்குத் தடையில்லாமல் எழுதிய பாய், பந்தய சைக்கிள் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். ஏன் பாய் என்று கேட்டேன். என்னிடம் சொல்வது போல முசியேவுக்குச் சொன்னார். "முப்பது வருசமா இது கூட மல்லுக்கட்டறேன். ஒரு தபா ஏறிப் பாரு பஷீருன்னு ஒரு வார்த்த வரல. ஓட்டாத வண்டிக்கு நான் எப்டிம்மா மதிப்பு போடுவேன்?"

கடைசியில் முசியே வாசலில் காவல் நிற்க, தெருமுனை வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்ட அனுமதி கிடைத்தது. பாய் திரும்பி வந்து எழுதிய தொகையைப் பார்த்து முசியேவே கொஞ்சம் அதிகம் என்றார்.

ஒன்றா, இரண்டா

அடுத்து ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி நேரில் பார்க்க வந்தார். கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, மொட்டைமாடி வழி எல்லாம் பார்த்தார். சைக்கிள் ரூமுக்கு வந்து எண்ணினார். நீள சைக்கிளிடம் வந்து நின்றுவிட்டார். இரண்டு சீட்டு, இரண்டு கைப்பிடி, நாலு பெடல். இது ஒன்றா இரண்டா என்று என்னைக் கேட்டார். ஒன்றுதான் சார் என்றேன். இரண்டு பேர் ஓட்டுவதை எப்படி ஒன்று என்று எழுதுவது, நாளைக்கு ஆடிட்டில் கேட்பார்கள் என்றார். சும்மா சொல்லக் கூடாது, கால் மணி நேரம் யோசித்தார்.

முசியே அதைக் கல்யாணமான புதிதில் வாங்கியதாகவும், கடற்கரையில் காலையில் இரண்டு பேருமாகப் போவார்கள் என்றும் சொன்னார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று அதிகாரி சும்மாதான் கேட்டார். முசியேவுக்கு ஞாபகம் வரவில்லை. மதாம்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. "பின் சீட்டு என்னுது சார். அத மட்டும் தனியா பிரிச்சி, பிரான்சுக்கு பார்சல் போட முடியுமான்னு பாருங்க."

பதினோராம் பக்கம்

பாலிசி வந்தது. ஆறும் வரிசையாக, நிறத்தோடு, பிரேமில் பொறித்த நம்பரோடு அச்சாகி வந்திருந்தன. ஒரு கிலோ ஸ்வீட்டோடு போனேன். மதாம் பெட்டியெல்லாம் கீழே இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஆறு சட்டை தைத்து மடித்து வைத்திருந்தார். முசியே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். பதினோராம் பக்கம் வந்ததும் கண்ணாடி நகரவில்லை. ஒரு வரியை இங்கிலீஷில் வாசித்துவிட்டு, தமிழில் சொல்லம்மா என்றார்.

தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாத வீடாக இருந்தால் திருட்டுக்குக் காப்பீடு கிடையாது. பதினாறு வருஷமாக எனக்கு மனப்பாடமான வரி. சைக்கிள், சைக்கிள் என்று ஓடி, வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பதை மறந்தே போனேன். இவர்கள் போவது மூன்று மாதம். அங்கேயே ஆபீசுக்குப் போன் போட்டேன். நம்பகமான ஒருவர் வந்து தங்கினால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் சரி என்றார்கள். முசியே ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார். எவன் வந்து தங்கினாலும் வண்டியைத் தொடாமல் இருப்பானா, நானே இருந்துவிடுகிறேன் என்றார். அதில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் வாயை அடைக்கச் சொன்ன அம்மாவுக்கு, இவர் கையில் இப்படி ஒரு சாக்கை அச்சடித்துக் கொடுத்துவிட்டேனே என்று.

மதாம் சண்டை போடவில்லை. ஒரு பெட்டியைத் திரும்பப் பரண் மேலே ஏற்றச் சொன்னார். மற்றதைத் திறந்து குழந்தைச் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இதுதான். "ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு ஒரு டிக்கெட் போதும். கம்பெனிக்கு இங்க ஒரு ஆள் வேணுமாம்ல."

ஆளில்லாத வீடு

மதாம் போய்ப் பதினெட்டாம் நாள் காலையில் முசியே போன் பண்ணினார். பாலிசியில் ஒரு சந்தேகம், வந்துவிட்டுப் போ என்றார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். ஆறும் பளபளவென்று நின்றன. கட்டிலில் பாதி, அதாவது அவர் பக்கம் மட்டும், விரித்திருந்தது. அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. எனக்குக் காபி போடத் தூள் எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. பரவாயில்லை முசியே என்றேன். சில்விக்கு எப்போது என்று கேட்டேன். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் என்றார். தினமும் போனில் பேசுகிறீர்களா என்றதற்கு, ரோசாலி சிரிக்கிறாள், எல்லாம் நல்லா இருக்கு என்கிறாள், என்னைப் பற்றிக் கேட்பதில்லை, வண்டியெல்லாம் சௌக்கியமா என்று கேட்கிறாள் என்றார்.

பிறகு பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தில் விரல் வைத்தார். ஆளில்லாத வீடு என்றால் உங்கள் கம்பெனி சட்டப்படி என்ன அர்த்தம் என்று கேட்டார். யாரும் குடியிருக்காத வீடு, சமைக்காமல், படுக்காமல் சும்மா கிடக்கிற வீடு என்று விளக்கினேன். அப்புறம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "நான் உள்ளதான்மா இருக்கேன். சாப்பிடறேன், தூங்கறேன், ஆறையும் தொடைக்கறேன். ஆனாலும் இது ஆளில்லாத வூடுதான், உங்க ஆபீசுல அப்டியே எழுதிக்கச் சொல்லு. பஷீர வந்து இங்க படுத்துக்கச் சொல்றேன், எனக்கு ஒரு டிக்கெட் போடு."

மூன்றாம் நாள் பஷீர் பாய் படுக்கையும் தலையணையுமாக வந்து இறங்க, குழந்தை முந்திக்கொள்ளுமோ என்ற அவசரத்தில் முசியே கிளம்ப, இத்தனை வருஷத்தில் நான் விற்ற பாலிசிகளிலேயே வாங்கினவர் அதை மேஜை மேல் மறந்துவிட்டு டாக்சி ஏறியது இது ஒன்றுதான்.