புரட்டாசியில் நான் சொன்ன பொய்

நான் சொன்ன ஒரு பொய்யால் எங்கள் வீட்டுப் பூனை சாகக் கிடந்தது.

புரட்டாசி விரதத்தின்போது மனைவிக்குத் தெரியாமல், உத்திரமேரூர் கடைவீதியில் கோழிக்குழம்பு வாங்கிக் கொல்லைப்புறத்தில் சாப்பிட்டேன். தடயம் இருக்கக் கூடாதென்று மீதியை வெங்காயத்தோடு பூனைக்கு வைத்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் பூனை சோறு தொடாமல் சுருண்டது. ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்தது. கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றதால், "தயிர்சாதம்தான்" என்றேன். டாக்டரம்மாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. பூனையை மடியில் வைத்து மனைவி அழுததும் எனக்குத் தாங்கவில்லை. "கோழிக்குழம்பு, டாக்டர். வெங்காயம் நிறைய" என்றேன்.

"இன்னாய்யா, நாமத்தப் போட்டுக்கினு பெருமாளுக்கே நாமம் போட்டியா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தத்தையே கெடுத்துடும். வேகவெச்சாலும் விஷந்தான். தின்னது தெரிஞ்சா உடனே கொண்டு வரணும். எது, எவ்ளோ, எப்போன்னு மறைக்காம சொல்லணும். நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க" என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார்.

வேளை தவறாமல் நானே மருந்து ஊட்டினேன். பூனை பிழைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் மிச்சக் குழம்பை அதன் பக்கம் கொண்டுபோவதில்லை. ஆனாலும் நான் தட்டு வைத்தால், மனைவி குனிந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் பூனையைச் சாப்பிட விடுகிறாள்.