கம்பளிக்கு ஏன் சிறகு முளைக்கவில்லை

செல்போன் ஆட்டத்தில் நாங்கள் வளர்த்த புழு முப்பத்தெட்டாவது லெவலுக்கு வந்தும் புழுவாகவே இருக்கிறது என்பதைப் பக்கத்து அறை அக்காதான் கண்டுபிடித்தாள். சொன்ன விதம்தான் பொறுக்கவில்லை. "இன்னுமாடி இது ஊர்ந்துகிட்டு இருக்கு? என் தம்பி வளத்தது இருபதுலயே பறந்துடுச்சே!" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். அது பறக்கிற ஜாதி என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். ஊர் விருதுநகர்ப் பக்கம். விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரி அரக்கோணத்துப் பெண். இருவருக்கும் ஒரே வேலை, ஆனால் எதிரெதிர் ஷிஃப்ட். அவள் திரும்பி வரும்போது நான் பஸ் ஏறிவிடுவேன். நாளெல்லாம் செல்போனைத் தொட்டுத் தொட்டு வேலை செய்கிறவர்கள் சொந்த செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதனால் என் ஃபோன் தலையணைக்கு அடியில் கிடக்கும், விடுதியில் இருப்பவள் எடுத்து விளையாடுவாள். ஒரே ஃபோன், ஒரே ஆட்டம், ஒரே புழு. காலையில் எனக்குப் பிள்ளை, மாலையில் அவளுக்குப் பிள்ளை.

அதைப் பிடித்தது நான்தான். புல்லுக்குள் நடந்தால் விதவிதமான பிராணிகள் எதிரே வரும், அடித்துக் களைக்கவைத்துக் கூண்டை வீச வேண்டும். இது உடம்பெல்லாம் முள்ளும் நெற்றியில் ஒற்றைக் கொம்புமாக வந்து நின்றது. கையிலிருந்த கூண்டுகளையெல்லாம் உடைத்துக்கொண்டு வெளியேறி, கடைசிக் கூண்டில் ஆடி ஆடி அடங்கியது. குளிக்கப் போகிற வரிசையில் நின்றுகொண்டு கத்திவிட்டேன். கம்பளி என்று பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு அதைவிடப் பலசாலிகள் எத்தனையோ சிக்கின. எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அக்கா சிரித்ததோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புளூடூத்தில் மோதலாம் என்றாள். "தோத்தவங்க பிராணி ஜெயிச்சவங்க ஃபோனுக்குப் போயிடணும். பாதியில வெளிய போனா தோத்த மாதிரிதான். வீட்லருந்து கால் வந்தாக்கூட எடுக்கக் கூடாது." ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்கு வந்தேன். வந்த பிறகுதான் யோசித்தேன். அவளுடைய பாறை முதுகு ஆமையை இந்த விடுதியில் யாரும் ஜெயித்ததில்லை. புழுவாகவே போனால் கம்பளி என் கையை விட்டுப் போய்விடும்.

ஞாயிறு மதியம் இருவருக்கும் ஓய்வு. கட்டில்காரியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ என்னடி செஞ்ச அத? ஒழுங்கா சண்டைக்கு விட்டியா இல்லியா?"

"இன்னாடி இப்டி கேக்கற? டெய்லி வுட்டுக்கினுதான் கீறேன். உன் ஃபோன்தான் சரியில்ல. நடு நடுவுல வெள்ளையா அட்ச்சிக்கினு நின்னுடுது. நான்தான் ஒவ்வொரு வாட்டியும் சரி பண்ணி வெக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. சரி, என் எதிரில் விளையாடு என்றேன். புல்லுக்குள் போய் ஒரு வௌவாலை அடித்து வீழ்த்தினாள். கம்பளி ஒரு லெவல் ஏறியது. உடனே திரை வெளுத்துப் படபடவென்று அடித்தது. நடுவில் கம்பளியின் நிழல் ஊதிப் பெருக ஆரம்பித்தது. ஐயோ, மாறுகிறது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது. திரை பழையபடி ஆனது. முள்ளும் கொம்புமாகக் கம்பளி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி அமுக்குன?"

"வெள்ள அட்ச்சிச்சே!" என்றாள், இதைக்கூடவா கேட்பாய் என்பது போல.

அந்த ஆட்டத்தில் சிவப்பு என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம், சண்டைக்கு நடுவே அமுக்கினால் சண்டையை விட்டே வெளியேற்றிவிடும். கம்பெனியில் எங்கள் லைனில் அதற்கு வேறு வேலை. டெஸ்டிங்கில் ஒவ்வொரு ஃபோனாக முன்னால் வரும். திரையில் நிறங்கள் வரிசையாக வந்தால் நல்ல பீஸ். வெள்ளையடித்துத் துடித்தால் கெட்ட பீஸ், உடனே அதன் சிவப்புப் பொத்தானை அமுக்கி ஒதுக்க வேண்டும். ஒரு நொடி தயங்கினால் பின்னால் ஃபோன்கள் சேர்ந்துவிடும். "யோசிக்காதம்மா, அமுக்கு" என்று சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அவளும் யோசிக்காமல் அமுக்கியிருக்கிறாள். பதினெட்டு லெவலாகக் கம்பளி சிறகு விரிக்கப் பார்த்திருக்கிறது, இவள் ஒவ்வொரு தடவையும் ரிஜக்ட் போட்டிருக்கிறாள்.

"கொண்டாடி இங்க" என்று ஃபோனைப் பிடுங்கினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே புல்லுக்குள் நடந்தேன். இரண்டு மூன்று பிராணிகளை அடித்ததும் அடுத்த லெவல் வந்தது. திரை வெளுத்தது. நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுக்கக் கூடாது என்பதைத் தவிர மனசில் வேறு எதுவும் இல்லை.

பழைய புழு திரும்பி வந்தது.

என் விரல் சிவப்பின் மேல் இருந்தது. சத்தியமாக நான் அமுக்கவில்லை. ஆனால் விரல் அங்கேதான் இருந்தது. பாதி நாள் கம்பளியை வளர்த்தது நான்தானே? என் கையில் எத்தனை தடவை வெள்ளையடித்திருக்கும்? ஒன்றுகூட ஞாபகமில்லை. அவளாவது ஃபோன் கெட்டுப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை, எதிரிக்குக் கடைசி அடி கொடுத்ததும் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். என் இரண்டு கையையும் அவள் பிடித்துக்கொண்டாள். திரை வெளுத்தது. அவள் பிடிக்குள் என் கட்டைவிரல் துடித்தது. என் உள்ளங்கையில் அவளுடையதும் துடித்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளிச்சம் அடங்கியபோது கம்பளிக்கு நான்கு சிறகுகள் இருந்தன. அவ்வளவு அழகை எதிர்பார்க்காததால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புதிதாக ஓர் அடியும் கற்றிருந்தது, சிறகிலிருந்து ஒளி வீசுகிற அடி.

சாயங்காலம் விடுதி வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிறகைப் பார்த்ததும் "பரவால்லியே" என்று புருவத்தைத் தூக்கினாள். ஆனால் ஆமைக்கு அசைவே இல்லை. கம்பளி எங்கே கொத்தினாலும் பாறையில்தான் பட்டது. அது திருப்பிக் கொடுத்த இரண்டே அடியில் எங்கள் உயிர்க்கோடு சுருங்கிச் சிவந்துவிட்டது. இன்னும் ஓர் அடி விழுந்தால் முடிந்தது. போகிறது, என் கம்பளி போகிறது. வேறு வழியில்லாமல் அந்தப் புது அடியைக் கொடுத்தேன்.

இரண்டு ஃபோன்களின் திரைகளும் ஒன்றாக வெளுத்துத் துடித்தன.

வெளிச்சம் ஓய்ந்தபோது ஆமையைக் காணவில்லை. எதிராளி வெளியேறிவிட்டார், நீங்கள் வென்றீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. கட்டில்காரி என் கட்டைவிரலை இன்னும் இறுகப் பிடித்திருந்தாள். அக்காவும் டெஸ்டிங்தான், எங்களுக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவள்.

அவள் ஃபோனைப் பார்க்கவில்லை. சிவப்புப் பொத்தான் மேல் கிடந்த தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்து, "நான் எப்டி அமுக்குனேன்?" என்று கேட்டாள்.