பாதி வேகத்தில் பறந்த பறவைகள்

டொரோண்டோ விமான நிலையத்தில் அம்மாவின் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, மிளகாய்ப் பொடிக்கும் சேவுப் பொட்டலத்துக்கும் அசரவில்லை. சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வந்ததும்தான் முகம் மாறியது. “இதை வைத்து எதைச் சுடுவீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “பேர்ட்ஸ் சார். சண்டே பேர்ட்ஸ்.” காக்கி கண்டால் கேட்டதற்கு மேலேயே சொல்லிவிடுகிற பழக்கம், வேறொன்றுமில்லை.

அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். அது டி.வி. விளையாட்டுத் துப்பாக்கி என்று நான் புரியவைப்பதற்குள் எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். அம்மாவின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. “பயமாம்மா?” என்றேன். “ஏ.சி.ட்டி. எம்புட்டுக் குளிரு!” என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் சிறுமியாக இருந்தபோது இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற யூனிட்டில் அம்மாவுக்கு வேலை. வாரம் முழுக்க நின்றபடியே. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு, வீடியோ கேமை எடுத்து வைப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கென்று வாங்கியது. முதல் ஆட்டம் மட்டும் எப்போதும் அவளுக்கு. புதரிலிருந்து பறவைகள் கிளம்பும், துப்பாக்கியை டி.வி.க்கு நேராக நீட்டிச் சுட வேண்டும். தவறினால் ஒரு வேட்டை நாய் வெறும் வாயோடு திரும்பி வரும். “நம்மூரு நாயா இருந்தா இப்படி வருமா? வெக்கங்கெட்ட நாயி!” என்பாள். அவள் ஆட்டத்தில் அந்த நாய் அப்படி வந்தது குறைவுதான். இடது கை இடுப்பில், வலது கையில் துப்பாக்கி, காலை அகட்டி நிற்பாள். என் அம்மாவை அவ்வளவு அழகாக வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

அப்பா இறந்த பிறகு அவள் தனியாள். நானே ஊருக்குப் போய் அழைத்து வந்தேன். இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. விசாவும் அதற்கு இடம் கொடுத்தது. அவளோ வந்த வாரமே, “ஈஸ்டருக்கு நான் ஊர்ல இருக்கணும்ட்டி” என்று ஆரம்பித்துவிட்டாள்.

“தனியா கெடந்து ஒரு நோய் வந்தா யாரும்மா பாப்பா?”

“நோயா? எனக்கா? கிண்ணுனு இருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒங்க சித்தி இருக்கா, போதும்.”

உடம்பு நன்றாக இருந்தால் அனுப்பிவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு, கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டேன். பழைய கேம் பெட்டி செய்த வேலையைக் கம்ப்யூட்டரையே செய்ய வைக்கிற மென்பொருள் அது. அதே புதர், அதே நாய். “அட பாவி, நீ இன்னும் சாகலியா!” என்று அம்மா கைகொட்டிச் சிரித்தாள். துப்பாக்கியை மாட்டிக் கொடுத்தேன். சுட்டாள், ஒன்றுகூட விழவில்லை. முகம் செத்துப்போயிற்று. வாங்கி நான் சுட்டேன், எனக்கும் விழவில்லை. பழைய குண்டு டி.வி.யின் வெளிச்சம்தான் இதற்குத் தெரியும், தட்டைத் திரையில் இது வேலை செய்யாது என்று விளக்கினேன். “அப்போ தப்பு என் கைமேல இல்லையே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மவுஸைக் கொடுத்தேன். குறி பார்க்கிற கூட்டல் குறி திரையில் வந்தது. அவள் தொட்டதும் அது ஆடத் தொடங்கியது. திரை பெரியது, அவ்வளவு சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டிற்று. அறை கதகதப்பாகத்தான் இருந்தது.

“மவுசு சரியில்லட்டி.”

“ஆமாம்மா, பழசு.”

எமுலேட்டரில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க வழி உண்டு. கீபோர்டை என் பக்கம் நகர்த்தி, அவளுக்குத் தெரியாமல் பாதி வேகமாக்கினேன். பாட்டு இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சத்தத்தையும் அணைத்தேன். அந்த முகம் பழையபடி ஆனால் போதும் என்றிருந்தது, வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. பறவைகள் சோம்பலாக எழுந்தன. ஒன்று விழுந்தது. செத்த நேரத்தில் இன்னொன்று. அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். இடது கை தானாக இடுப்புக்குப் போனது.

“பாத்தியா? கையி நல்லாத்தான இருக்கு! நீ வாக்குக் கொடுத்திருக்க. டிக்கெட்டப் போடு.”

பறவைகள் மெதுவாகப் பறந்தன அம்மா என்று எப்படிச் சொல்வேன்? டாக்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். “ஊர்ல போய்ப் பாத்துக்கிடுதேன்” என்றாள். ஈஸ்டருக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டாள்.

துப்பாக்கியை எனக்கென்று விட்டுப்போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். போன் அவள் வலது கையில். சுவர் ஆடும், அப்பாவின் படம் ஆடும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலையே ஆடும்.

“படம் ஆடுதாட்டி? இங்க நெட்டு சரியில்ல.”

“ஆமாம்மா, நெட்டுதான்,” என்கிறேன். என் போனை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறேன், இங்கே நான் அசையாமல் பிடித்தால் அங்கே வீடு நின்றுவிடும் என்பதுபோல.