இடுப்பில் கரன்ட், எதிரில் ஸ்டூல்

ஜவுளிக்கடை வேலைக்குப் படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், இரண்டு கால் இருந்தால் போதும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நாலு மாடிக் கடையில், பட்டுப் பிரிவில் நான் பல வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்றும் சொல்லலாம், ஆனால் அதிகம் செய்தது நின்றதுதான். ஷட்டர் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை சேல்ஸ் பெண்கள் உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். ஸ்டூல்களெல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. அவற்றைக் காலையில் துடைத்துப் போடுவது மட்டும் எங்கள் வேலை. நின்றே பிழைக்கிற டீச்சர்களே, கண்டக்டர்களே, செக்யூரிட்டிகளே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஒட்டுப் பட்டை

வலது இடுப்பில் முதலில் ஒரு குடைச்சல். பிறகு படி ஏறினால் வலி, பஸ் ஏறினால் வலி, புரண்டு படுத்தால் வலி. குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது, நிற்பதைக் குறையுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனிடம் போய், தண்ணீரில் இருப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொல்வார்களா?

அவர் அனுப்பிய பிசியோ மேடம் ஒரு கரன்ட் மெஷின் கொடுத்தார். சோப்பு டப்பா அளவில் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் நுனியில் ஒட்டுப் பட்டை. இடுப்பைச் சுற்றி ஒட்டித் திருகைத் திருப்பினால் சுருக் சுருக்கென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் வலி மங்கிவிடும். எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நிம்மதி. மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்கம்மா. வலி கத்தறது உங்களுக்குக் கேக்காம இது செய்யும், அவ்வளவுதான். தைரியமா இன்னும் அதிகமா நின்னுடாதீங்க."

மேடவாக்கம் மேடம்

பெட்டியைப் பாவாடை நாடாவில் செருகி, ஒயரை யூனிஃபார்ம் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பிசியோ மேடம் வேண்டாமென்றதைத்தான் செய்தேன். வேறென்ன செய்ய? வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மேடவாக்கத்திலிருந்து ஒரு அம்மா தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். தப்பான மனுஷி இல்லை. ஆனால் மேல் தட்டில் இருப்பதெல்லாம்தான் அவருக்குப் பிடித்தது. நான் ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். வியர்வையில் ஒரு பட்டை பாதி கழன்று, ஒரே இடத்தில் கரன்ட் ஊசியாகக் குத்தியது. ஆள் முன்னால் புடவைக்குள் கையை விட்டு அணைக்க முடியுமா? பல்லைக் கடித்தேன், அதையே சிரிப்பாகவும் காட்டினேன். கவுன்டரில் புடவை மலையாகக் குவிந்த பிறகு அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து சோம்பல் முறித்தார். "ஒண்ணும் செட் ஆகலைம்மா. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே போயிடுச்சு."

விஜி

என் பக்கத்துக் கவுன்டர் விஜி, பம்மல்காரி. வயது என்னைவிடக் குறைவு, வாய் என்னைவிடப் பெரிசு. கீழ்த் தட்டில் பெட்டி அடுக்குகிற சாக்கில் கேமராவுக்குத் தெரியாமல் ஒரு நிமிஷம் குத்துக்காலிடுவாள். என் இடுப்பு அதற்கும் மடங்காது.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே நான் பட்டை மாற்றுவதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் தன் புடவையை முட்டிவரை தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்து, சுருண்டு சுருண்டு கிடந்தது. "ஒயரு எங்கிட்டயே நெறைய கீதுக்கா. நீ மெஷின மட்டும் குடு."

கேட்டில்

வேலை முடிந்து போகும்போது பெண்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு நாள் செக்கிங் பெண்ணின் கை பெட்டியில் பட்டுவிட்டது. இழுத்தாள், ஒயரும் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர் ரூமில் வைத்துப் புடவையை விலக்கி, பட்டை ஒட்டிய இடுப்பைக் காட்டி, நான் திருடியில்லை என்று நிரூபித்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

ஃப்ளோர் மேனேஜர் வந்தார். மானம் போனது போயிற்று, முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று கேட்டேவிட்டேன்: சார், ஒரே ஒரு ஸ்டூல், கஸ்டமர் இல்லாதபோது மட்டும். அவர் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "முதலாளிகிட்ட சொல்றேன்மா. அதுவரைக்கும் சாயாம நில்லு, கேமரால அசிங்கமா தெரியுது."

முதலாளி

முதலாளி அன்பாகத்தான் பேசினார். குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்டார். அவர் மெத்தை போட்ட நாற்காலியில், நான் எதிரே. மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைக் கட்டிக்கொண்டால் வலி தெரியாதா என்றார். தெரியாது என்றேன். எவ்வளவு நேரம் என்றார். ஓடுகிறவரை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஸ்டூல் கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். மேனேஜர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நல்ல ஐட்டமா இருக்கேப்பா. ஸ்டூல் போட்டா இடம் அடைக்கும். தீபாவளிக்கு முன்னாடி, முடியலைன்னு சொல்ற பொண்ணுங்களுக்கெல்லாம் இதுல ஒண்ணு வாங்கிக் குடுத்துடு."

தீபாவளி

அந்தத் தீபாவளிக் கூட்டத்தில் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். வலியே இல்லை. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது இடுப்பு விட்டுவிட்டது, அட்டைப்பெட்டிகளோடு தரையில் கிடந்தேன். மறைமலை நகரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், உடம்பில் கம்பெனிச் சட்டை, தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என்னைத் தாங்கி அதில் வைக்கப் பார்த்தார். விழுந்து கிடக்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாந்து கேமராவைப் பார்த்தேன். "யாரைம்மா பாக்கறே? நான்தான் கஸ்டமர், நான் சொல்றேன், உட்காரு."

கடைசியாக

ஆபரேஷன் ஆயிற்று, கைத்தடி வந்தது, வேலை போயிற்று. நாத்தனார் பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அதே கடை, அதே மாடி. விஜி ஒரு ஸ்டூலை இழுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். குனிந்தபோது அவள் இடுப்பில் கொசுவத்துக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு புடைப்பு தெரிந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். எனக்கு உட்கார மனசு வரவில்லை. தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். "குந்துக்கா. எனக்கும் சேத்து குந்து."

ஆக, ஜவுளிக்கடையில் ஒரு பெண் உட்கார ஒரே வழி, அங்கே நின்று இடுப்பைத் தொலைத்துவிட்டு, பிறகு அங்கேயே புடவை வாங்கப் போவதுதான்.