மரியாதையாக இருமக் கூடாது

போன திங்கட்கிழமை காலை, நெல்லித்தோப்பில், என் மனைவியின் தம்பி செல்வம் என் புதுச் சட்டை மேலேயே சளியைத் துப்பினான். நான் கோபப்படவில்லை. தெருவுக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சொல்கிறேன்...

செல்வத்துக்குத் தசைகள் வலுவிழந்துகொண்டே போகிற நோய். வீல்சேரில்தான் இருக்கிறான். கை, கால் விஷயம் எங்களுக்குப் பழகிவிட்டது. இப்போது புதுத் தொல்லை இருமல். இருமல் வந்தால் தொல்லை இல்லை — வராததுதான் தொல்லை. நீங்களும் நானும் எதையும் யோசித்தா இருமுகிறோம்? அதற்கும் வயிற்றுத் தசை, மார்புத் தசையெல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமாம். அவனுக்கு அவை ஒத்துழைப்பதில்லை. லேசாகச் சளி பிடித்தாலும் உள்ளேயே தங்கிவிடும். போன மழைக்காலத்தில் அப்படித்தான் நிமோனியாவாகி, ஐசியூ வரைக்கும் போய்த் திரும்பினான்.

ஆகவே அவன் இருமும்போது இன்னொருவர் வயிற்றில் கை வைத்து அழுத்திக் கொடுக்க வேண்டும். அவன் மனைவி கவிதாதான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ரொம்ப நாள் அலைந்து கிடைத்த வேலை. பகலில் வேறு யாராவது இதைப் பழகிக்கொண்டால்தான் அவள் போக முடியும்.

குடும்பம் கூடி ஆலோசித்தது. எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது.

"அவரு சும்மா எழுதிக்கிட்டுதான இருக்காரு" என்றாள் என் மனைவி. வாரா வாரம் உங்களுக்கு உபதேசம் செய்கிறவனுக்கு வீட்டில் உள்ள மதிப்பு இவ்வளவுதான்.

கோரிமேட்டில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்தார். முதலில் மாஸ்க்கோடு இருக்கிற காற்றுப் பையை அமுக்கி, நெஞ்சை நிரப்ப வேண்டும். அப்புறம் விலா எலும்புக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து, அவன் இருமுகிற அதே நொடியில் உள்ளேயும் மேலேயுமாகத் தள்ள வேண்டும். சாப்பிட்டவுடனே செய்யக் கூடாது.

நான் செய்து காட்டினேன்.

"சார், தடவிக் குடுக்காதீங்க. அமுக்குங்க."

எப்படி அமுக்குவது? நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. நான் போனால் சேர் வரும், ஃபேன் என் பக்கம் திரும்பும். நடக்க முடிந்த காலத்தில் என்னைப் பார்த்தாலே எழுந்து நிற்பான் செல்வம். அவன் வயிற்றில் நான் எப்படிக் குத்துவது? மாமா எதிரில் அவன்தான் எப்படிக் காறித் துப்புவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயைத் திறக்காமல், 'க்கும்' என்று ஒரு நாகரிகமான இருமல். நானும் நாகரிகமாக ஒரு அழுத்து. வந்த சளியை அப்படியே விழுங்கிவிடுவான்.

"போதும் மாமா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"பரவால்ல செல்வம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கௌரவித்துக்கொண்டிருந்தோம். சளி உள்ளே சௌக்கியமாக இருந்தது.

கவிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் இப்டியே இருந்தா நான் எப்டிண்ணா வேலைக்குப் போறது?" என்றாள். நான் தைரியமாகத் தலையாட்டினேன்... தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். அவள் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். செல்வத்தின் தொண்டையில் கர்ரென்று ஒரு சத்தம். மூச்சு திணறியது. முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் உச்சந்தலையில் தட்டினேன். புரையேறினால் தட்டுவோமே, அதே தட்டு. கற்ற பாடமெல்லாம் போய், கையில் மிஞ்சியது அதுதான். அடுத்து, தண்ணீர் எடுக்கப் பாதி தூரம் ஓடினேன். கொடுத்திருந்தால் அதுவும் நெஞ்சுக்குள்தான் போயிருக்கும்.

திரும்பி ஓடி வந்து, பையை அமுக்கிக் காற்றை நிரப்பினேன். வயிற்றில் கை வைத்தேன். பழைய மாதிரியே பதமாக, பணிவாக.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் பாடுபட்டு ஊதிக் கொடுத்த அத்தனை காற்றையும் செலவழித்துச் சொன்னான்:

"யோவ்... அமுக்குய்யா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் உயிர் போகிற நேரத்திலும் எனக்கு மாப்பிள்ளை முறுக்கு! மறுபடியும் காற்றை நிரப்பினேன். அவன் வாயை அகலத் திறந்து இருமினான். வந்த ரோஷத்தையெல்லாம் சேர்த்து ஒரே தள்ளு.

சட்டையின் கதை உங்களுக்குத் தெரியும்.

அவன் முகத்தில் நிறம் திரும்பியதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"பயந்துட்டேன்டா."

"நானுந்தான்" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கியதும், "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்று ஆரம்பித்தான்.

"திரும்பவும் ஆரம்பிக்காத" என்றேன்.

மத்தியானம் கவிதா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். "நீ வேலைய பாரு" என்றான் செல்வம். "இவரு நல்லாத்தான் குத்துறாரு."

இப்போது தினமும் போகிறேன், தினமும் திட்டு வாங்குகிறேன். 'இன்னும் மேல அமுக்குய்யா', 'தூங்கிட்டியா' என்றெல்லாம் கேட்கும்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. 'வாங்க மாமா, சாப்டீங்களா' என்று அவன் பணிவாக ஆரம்பிக்கிற நாளில்தான் எனக்குப் பயம் — பயல் நெஞ்சில் சளியை வைத்துக்கொண்டு மறைக்கிறான்.