மாத்திரைக்கு நான் வெச்ச பேரு

காலையில அரியாங்குப்பம் பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு அம்மா. மடியில காய்ச்சலோட மூணு வயசுப் பையன், மாத்திரையைத் துப்பிக்கிட்டே இருந்தான்.

"சாக்லேட்டுடா செல்லம், ஆ காட்டு"ன்னாங்க.

"அப்படிச் சொல்லாதீங்க, நீங்க இல்லாதப்ப எடுத்து முழுங்கிடுவான்"னேன்.

"உங்க வீட்டுல என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

நானும் சாக்லேட்டுன்னுதான் சொல்றேன். நேத்துகூட என் பொண்ணு, "தாத்தா மட்டும் தினமும் சாக்லேட் திங்கறாரு"ன்னு அழுதா. நான் சிரிச்சேன்.

உடனே மாமனாருக்கு போன் போட்டு, அவரோட பிரஷர் மாத்திரை டப்பா எங்கன்னு கேட்டேன்.

தேடிட்டு வந்தவரு குரலே மாறிப்போச்சு. "பாப்பா சொப்புச் சாமானுக்குள்ள இருக்கும்மா. நல்லவேளை, மூடி திறக்கல."

பீரோவுல வெச்சுப் பூட்டச் சொன்னேன்.

சாயந்திரம் அவகிட்ட அது மருந்துன்னு உண்மையைச் சொல்லப்போறேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்க வைக்கிறது எப்படின்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.