சுபோதினிக்காக ஜெபியுங்கள்

இலங்கைக்குப் போகும் ஊழியக் குழுவில் சொர்ணத்தின் பெயரைச் சபையில் வாசித்தபோது முதலில் சிரித்தவன் அவள் புருஷன் சின்னப்பையன்தான். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“நீ ஃபாரின் போறியா? திருவள்ளூருக்கு பஸ்ல போனாலே வாந்தி எடுப்ப. பிளேன்ல யார் மேல எடுக்கப் போற?”

“உன் மேல எடுக்க முடியாதேன்னுதான் வருத்தமாக் கீது,” என்றாள் சொர்ணம்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட சிறிய சபை அது. சொர்ணம் அங்கே பல வருஷமாக ஓய்வுநாள் பள்ளி டீச்சர். வாரத்தில் மற்ற நாளெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் பிசகின சட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். ஒரே மகள் ஜோதிகாவை வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. சின்னப்பையன் ஆவடியில் ஆட்டோ ஓட்டுகிறான். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது மட்டும் சொர்ணம் வேறொரு ஆள். யோனாவின் கதை என்றால் பெரிய போர்வைக்குள் எல்லாரையும் புகுத்தி, “இப்ப நாமெல்லாம் மீன் வயித்துக்குள்ள கீறோம், நாத்தம் தாங்கல, மூக்கைப் புடிச்சுக்கோங்க” என்பாள். ஒரு பிள்ளை எழுந்து போகாது. அதனால்தான் பாஸ்டர் சாம் எத்திராஜ் அவளை ஊழியக் குழுவில் சேர்த்தார்.

அந்தச் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. யாருக்கு என்ன கஷ்டமோ அதைக் குறிப்பாகப் போட வேண்டும். ஆளாளுக்கு ஒரு நேரம் எடுத்துக்கொண்டு ஜெபிப்பார்கள். “பொத்தாம் பொதுவா ஜெபிக்காதீங்க. பேர் சொல்லி, ஊர் சொல்லி, இன்ன கஷ்டம்னு சொல்லி ஜெபிங்க” என்பது பாஸ்டரின் போதனை. யாருக்குச் சிறுநீரகத்தில் கல், யாருடைய மருமகன் குடிக்கிறான், எல்லாம் அதில் வந்துவிடும்.

“நம்ம தெருவுல யாருக்கு இன்னா சீக்குன்னு தெரிஞ்சுக்க டாக்டர் வேணாம். உங்க குரூப் ஒண்ணு போதும்,” என்று சின்னப்பையன் சொல்வான்.

ஆனால் சொர்ணத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது அந்த குரூப்தான் அவளைத் தாங்கியது. ரத்தம் கொடுக்க ஆள் வந்தது, வீட்டுக்கு ரசம் சாதம் வந்தது. தெரியாத ஒரு கிழவர் பட்டாபிராமிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டுப் போனார். தன் பெயரைச் சொல்லி யாரோ எங்கோ முழங்காலில் நிற்கிறார்கள் என்கிற நினைப்பில்தான் அவள் அந்த நாட்களைக் கடந்தாள். அதை அவள் மறக்கவில்லை.

*

ஹட்டனுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்த தோட்டம் அது. அங்கிருந்த சபையின் போதகர் மனோகரன்தான் குழுவை அழைத்திருந்தார். இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு வேதப் பாடம், பாட்டு, கொஞ்சம் இங்கிலீஷ். குளிரில் சொர்ணத்துக்கு உதடு வெடித்தது. பிள்ளைகளுக்கோ அவள் பேச்சே பெரிய வேடிக்கை.

“டீச்சர், இன்னொரு தடவை ‘இன்னா’ சொல்லுங்க.”

“இன்னா?”

மொத்த வகுப்பும் உருண்டு சிரிக்கும். மூன்றாம் நாளே அவளுக்கு ‘இன்னா டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரை வைத்தவள் சுபோதினி. பதினைந்து வயது. உயரமான, ஒல்லியான பிள்ளை. பாட்டுக்குக் கை அசைவு சொல்லிக்கொடுத்தால் ஒரு முறை பார்த்ததும் பிடித்துக்கொண்டு, சின்னதுகளை வரிசையில் நிறுத்தி ஆட வைப்பாள். பாடம் முடிந்ததும் சொர்ணத்தோடு நின்று பாய்களை மடிப்பாள். ஒரு நாள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவளுடைய அப்பா சிவலிங்கம், அதிகம் பேசாத மனிதர், தானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த நாள், பாயை மடித்துக்கொண்டே சுபோதினி கேட்டாள்.

“டீச்சர், ஒரு விஷயம் சொன்னா எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா?”

“பண்ணாம? சொல்லு கண்ணு.”

“எங்க அம்மா வெளிநாட்டுக்கெல்லாம் போகல டீச்சர். கொழும்புல ஒரு வீட்டுல சமைக்கிறாங்க. அப்பா அடிச்ச அடியிலதான் போனாங்க. எங்க இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது.”

“உனக்கு எப்புடித் தெரியும்?”

“மேல் லயத்து சுமதி அக்காவோட ஃபோனுக்கு ஞாயித்துக்கிழமை கோல் எடுப்பாங்க. ஸ்கூல்ல ஓ.எல். பரீட்சை எழுதி முடிச்சதும் என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அது நடக்கணும்னு ஜெபம் பண்ணுங்க.”

சொர்ணம் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்து அங்கேயே ஜெபித்தாள். சுபோதினி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஜெபம் என்றால் அவளுக்கு அவ்வளவுதான். மூடின கண்ணுக்குள் ஒருவர் சொல்ல, மேலே ஒருவர் கேட்பது.

சொர்ணத்துக்கு ஜெபம் அதோடு முடிகிற காரியமில்லை. சாயங்காலம் போதகர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, மனசு தாங்காமல் ஃபோனை எடுத்தாள். ஜெபச் சங்கிலியில் வாய்ஸ் அனுப்பினாள். “பிரெய்ஸ் த லார்ட். இங்க சுபோதினின்னு ஒரு பொண்ணு. அவளுக்காக எல்லாரும் ஜெபிக்கணும்” என்று தொடங்கி, அப்பா பெயர், அடித்தது, கொழும்பு, ஞாயிற்றுக்கிழமை, சுமதியின் ஃபோன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நெமிலிச்சேரியிலிருந்து மடமடவென்று பதில் வந்தது. ஆமென், ஆமென், கூப்பின கைகள். இத்தனை பேர் இந்தப் பிள்ளைக்காக நிற்கிறார்களே என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

*

ஊருக்குத் திரும்பிச் சில வாரம் ஆகியிருக்கும். சொர்ணம் வேலை முடிந்து அம்பத்தூரில் ரயில் ஏறப் போகும்போது ஃபோன் அடித்தது. போதகர் மனோகரன்.

“சிஸ்டர், நீங்க போட்ட வாய்ஸ் ஒண்ணு இங்க தோட்டத்துல சுத்துது.”

“இன்னா வாய்ஸ் ஐயா?”

“சுபோதினி விஷயம். அவ அப்பா காதுக்குப் போயிருச்சு. சுமதி வீட்டுக்குப் போய் ஃபோனைப் பிடுங்கி ஒடைச்சிட்டாரு. அதுல இருந்த நம்பரை முதல்லயே பார்த்து எடுத்துக்கிட்டாரு. கொழும்புல அவர் தம்பி இருக்கான். அந்த நம்பருக்குக் கோல் எடுத்து விசாரிச்சு, அந்த வீட்டைக் கண்டுபிடிச்சுப் போயிருக்கான்.”

“ஐயோ. அந்தம்மாவை...”

“அவங்க முந்திட்டாங்க. அவன் போறதுக்குள்ள வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஃபோனும் ஓஃப். எங்கன்னு யாருக்கும் தெரியல.”

ரயில் வந்து நின்றது, போயிற்று. சொர்ணம் ஏறவில்லை.

“நான் எங்க சபை குரூப்லதானே ஐயா போட்டேன்?”

“அதுல நாங்களும் இருக்கோம் சிஸ்டர். நீங்க வர்ற ஏற்பாட்டுக்காகச் சேர்த்தாங்களே. எங்க ஆள் யாரோ, இங்க உள்ளவங்களும் ஜெபிக்கட்டும்னு நல்ல மனசோட அனுப்பியிருக்காங்க.”

நல்ல மனசோட. அந்த வார்த்தையைச் சொர்ணம் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். தினம் நூற்றுக்கணக்கான சட்டையில் ஒரு தையல் விலகினாலும் கண்டுபிடிக்கிற கண், அந்த குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போகாமல் நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். எத்திராஜ் பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் முகம் வாடிவிட்டது.

“நீங்க கெட்ட எண்ணத்துல செய்யலம்மா. கர்த்தர் உங்க இருதயத்தைப் பார்க்கிறார்.”

“என் இருதயத்தைப் பாத்து இன்னா பண்றது ஐயா? அந்தப் புள்ள அம்மாவோட பேச முடியாமப் போச்சே.”

“ஜெபிப்போம். அவசரமா ஜெபிக்கணும்,” என்றபடியே அவர் ஃபோனை எடுத்தார். கட்டை விரல் ஓட ஆரம்பித்தது. சொர்ணம் எட்டிப் பார்த்தாள். ‘அவசர ஜெபக் குறிப்பு. இலங்கை சகோதரி சுபோதினியின் தாயார்...’

அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு போதகரின் கையை அவள் அதுவரை தொட்டதில்லை.

“வேணாம் ஐயா. போடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

எத்திராஜ் ஃபோனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எழுதினதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

*

வீட்டில் சின்னப்பையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேலி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“அந்தப் புள்ளையோட அப்பனுக்குப் போன் போடு,” என்றான் கடைசியில்.

“போட்டு?”

“பொய் சொல்லு. பேர் மாத்திச் சொல்லிட்டேன், அது வேற ஏதோ புள்ளையோட கதைன்னு சொல்லு. அந்தப் பொண்ணு மேல இருக்கிற கோவமாவது கொறையும் இல்ல.”

சொர்ணம் வாழ்க்கையில் பொய்யே சொல்லாதவள் இல்லை. ஆனால் ஒத்திகை பார்த்துச் சொன்னதில்லை. சமையல்கட்டில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மனோகரனிடம் நம்பர் வாங்கி, மறுநாள் சிவலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

“டீச்சரா? சொல்லுங்க டீச்சர்.” குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயமாக இருந்தது.

“அண்ணே, அந்த வாய்ஸ்ல நான் பேர் தப்பாச் சொல்லிட்டேன். நிறையப் புள்ளைங்க, ஒவ்வொண்ணும் ஒரு கதை சொல்லும். உங்க பொண்ணு ஒண்ணுமே சொல்லல அண்ணே. அது வேற...”

“அதுல என் பேரு இருக்கே டீச்சர்.”

சொர்ணம் ஒத்திகை பார்த்த அடுத்த வரியைத் தேடினாள்.

“நான் ஒங்க மேல கோவப்படல,” என்றார் அவர். “ஒரே தோட்டத்துல இருந்துக்கிட்டு எல்லாரும் மறைச்சாங்க. பெத்த புள்ளையே மறைச்சா. கடல் தாண்டி வந்த நீங்கதான் எனக்கு உண்மைய சொன்னீங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

அவர் மனதாரத்தான் சொன்னார்.

“புள்ள பக்கத்துலதான் நிக்கிறா. பேசுங்க.”

ஃபோன் கை மாறுகிற சத்தம்.

“சுபோதினி? கண்ணு?”

“நல்லா இருக்கேன் டீச்சர்.” கேட்காத கேள்விக்குப் பதில்.

அம்மா பேசினாளா என்று கேட்க முடியாது. மன்னித்துக்கொள் என்று சொன்னால், எதற்கென்று அவர் அங்கே நின்று கேட்பார். ஸ்கூலுக்குப் போறியா என்றுதான் சொர்ணத்துக்குக் கேட்க வந்தது.

“இல்ல டீச்சர். நிப்பாட்டிட்டாங்க. கொழுந்து எடுக்கப் போறேன்.”

“பரீட்சை...”

அப்பா நிற்கிறாரே என்ற பயம்கூட இல்லாத, வறண்ட குரலில் சுபோதினி சொன்னாள்:

“இனி எனக்காக ஜெபம் பண்ண வேணாம் டீச்சர்.”

அத்தோடு வைத்துவிட்டாள்.

*

அதற்குப் பிறகு சொர்ணம் ஞாயிறுதோறும் மனோகரனைக் கூப்பிட்டாள். “அந்தம்மா பேசினாங்களா ஐயா?” சுமதி அக்கா புது ஃபோன் வாங்கிவிட்டாள், பழைய நம்பரையேதான் போட்டிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்குச் சொர்ணத்துக்கு உயிர் வந்தது. நம்பர் இருந்தால் தாய்க்காரி என்றைக்காவது கூப்பிடாமலா போவாள்?

கூப்பிடவில்லை. அந்த நம்பரில் புருஷன்தான் காத்திருப்பான் என்று அவள் நினைத்திருக்கலாம். பிள்ளையே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருக்கலாம். அந்த இரண்டாவது நினைப்பு வரும்போதெல்லாம் சொர்ணம் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்காருவாள்.

கார்த்திகை மழையில் அந்த ஞாயிறும் கூப்பிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே மனோகரன், “இல்ல சிஸ்டர்” என்றார். “அந்தப் பிள்ளையும் இப்பல்லாம் சுமதி வீட்டுப் பக்கம் போறதில்லையாம்” என்றும் சொன்னார்.

“சரி ஐயா,” என்று வைத்தாள்.

“இன்னா சொன்னாரு?” என்றான் சின்னப்பையன். தட்டில் சோறு போட்டு அவனே எடுத்து வந்திருந்தான்.

“ஒண்ணும் சொல்லல.”

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சொர்ணம் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். சாப்பாட்டுக்காக நன்றி சொன்னாள். ஜோதிகா பெயரைச் சொன்னாள், அவள் வயிற்றிலிருக்கும் குழந்தையைச் சொன்னாள். சபையில் இந்த வாரம் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னாள். அதற்கடுத்துச் சொல்ல வேண்டிய பெயர் தொண்டை வரை வந்தது. வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. சொன்னால் அவள் பேச்சை மீறினது ஆகும். சொல்லாமல் விடவும் முடியவில்லை.

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. சின்னப்பையன் மூடின கண்ணோடு காத்திருந்து பார்த்தான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

“ஆமென் சொல்லு சொர்ணம். சோறு ஆறுது.”